பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி: பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பினாங்கிலிருந்து கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்கு நேராகப் போய், புக்கிட் பத்து பகாட் சண்டியின் (சண்டி என்றால் பழைய கோயிலின் எச்சம்) முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுங்கை பட்டாணி வந்துவிடுகிறார்கள். சுற்றிலும் உள்ள கம்பங்களிலும் (மலாய்க் கிராமங்களிலும்) பழைய தோட்டங்களிலும் அந்த மண்ணைத் தோண்டி, உழுது, அந்த ஆற்றில் வலை வீசி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். பலகையில் இல்லாத விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிற முறையும் வரிசையும் பிசகினால் "யா, யா" என்ற மரியாதைப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

கீழே உள்ளது ஒரு நாள் பயணத்துக்கான வரிசை. படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடிப்போடுகிறது.

1. ஒரு பயணத்துக்கு ஓர் இடம்

பூஜாங் பள்ளத்தாக்கு என்பது ஒரே இடம் அல்ல. ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டிப் பரந்து கிடக்கும் பல சிறு இடங்களின் தொகுப்பு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் போனால் யாரிடமும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

தேர்ந்தெடுக்க நான்கு இடங்கள் உள்ளன.

அருங்காட்சியக மலை, மெர்போக். புக்கிட் பத்து பகாட் சண்டி இங்கேதான், தன் சொந்த இடத்தில் நிற்கிறது. பக்கத்தில் சுங்கை மெர்போக் கெச்சில் ஓடுகிறது. வளாகத்தில் உள்ள பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், பெண்டியாட் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கப்பட்டவை. இதை மறந்துவிட்டு, "இந்தச் சண்டிக்குப் பக்கத்தில் முன்பு ஆறு எப்படி ஓடியது?" என்று காவலரிடம் கேட்டு, கிடைத்த பதிலைக் குறிப்பில் ஏற்றுவது புதியவர்களின் முதல் தவறு. பெங்காலான் பூஜாங் சண்டியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் பெங்காலான் பூஜாங் கம்பத்துக்குத்தான் போக வேண்டும்.

சுங்கை பத்து. இரும்பு உருக்கிய இடங்கள், படகுத் துறை எச்சங்கள், வட்டத் தளத்தின் மேல் சதுரமாக எழுப்பிய செங்கல் கட்டடம் ஆகியவை இங்கே இருக்கின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக அகழாய்வு செய்த இடம். தோண்டும் வேலை நேற்று நடந்தது போல நினைவில் இருப்பவர்களைச் சந்திக்க வேண்டுமானால் இதுதான் நல்ல தேர்வு.

பெங்காலான் பூஜாங், மெர்போக் ஆற்றோரம். பார்க்கக் கட்டடம் குறைவு. கேட்க விஷயம் அதிகம். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செரோக் தோ குன், புக்கிட் மெர்தாஜாம். இது கெடாவில் இல்லை, பினாங்கு மாநிலத்துக்குள்ளேயே, செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில் இருக்கும் பழைய எழுத்து செதுக்கிய பாறை. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845-இல் பதிவு செய்தது. பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து பக்கம், சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேசுபவர்கள் நிறைய, ஆகவே மலாயில் தடுமாறாமல் கேள்வி கேட்கப் பழகலாம். ஜூலை 26-ஐ ஒட்டிய திருவிழா நாள்களில் மட்டும் போக வேண்டாம். கூட்டத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள்.

2. நாள், நேரம், வண்டி

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு அங்கே வேலை நாள். பினாங்குக்காரர்கள் ஞாயிறு போய்விட்டு "ஊரில் ஆளே இல்லை" என்று திரும்புவதற்கு இதுதான் காரணம். சனிக்கிழமை போங்கள். இரு மாநிலத்துக்கும் அன்று பொதுவாக ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை போவதானால் பன்னிரண்டு மணியிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி வரை தொழுகைக்கு விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் அருங்காட்சியகமும் மூடியிருக்கக்கூடும். முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நோன்பு மாதத்தைத் தவிர்க்கவும். பேச மாட்டார்கள் என்பதால் அல்ல. உட்கார வைத்துத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று வீட்டுக்காரருக்குச் சங்கடம்.

மழையைப் பொறுத்தவரை, ஜனவரியும் பிப்ரவரியும்தான் வறண்ட மாதங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாலை மழை பலமாக வரும். வயல் வரப்பும் ஆற்றங்கரையும் வழுக்கும்.

ஒரு நாளுக்குள் நேரத்தை இப்படிப் பிரியுங்கள். காலை எட்டரைக்கு இடத்தில் இருங்கள். பத்து வரை நீங்களே பாருங்கள். ரப்பர் பால் மரம் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன் கிளம்பி, பாலெடுத்து முடித்துக் கோப்பிக்கடைக்கு வருவது பத்து, பதினொன்று மணிக்கு. அதுதான் உங்கள் முதல் வாய்ப்பு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். நாலரைக்கு மேல் திண்ணைப் பேச்சு. மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு அரை மணி முன்பே எழுந்துவிட வேண்டும்.

வண்டி இருந்தால் ஜார்ஜ் டவுனிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போய், சுங்கை பட்டாணி வடக்கு வழியாக இறங்கி மெர்போக் போகலாம். போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வண்டி இல்லாதவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து கோமுட்டர் ரயிலில் சுங்கை பட்டாணி இறங்கி கிராப் வாடகை வண்டி பிடிக்கலாம். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. மெர்போக் பக்கம் மாலையில் கிராப் கிடைப்பது அரிது. காலையில் கொண்டுவிட்டவரிடமே திரும்பும் நேரத்தைப் பேசிவிடுங்கள்.

3. எத்தனை பேர், பையில் என்ன

இரண்டு பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. நாலு பேர் போனால் அரசாங்க ஆள் என்று நினைப்பார்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மாக் சிக் (வயதான மலாய்ப் பெண்) ஒருவரோடு அடுப்படி வாசல் வரை உட்கார்ந்து பேச முடியும். ஆண்கள் மட்டும் போனால் வீட்டில் பெண் தனியாக இருக்கும்போது வாசலோடு நின்றுகொள்ள வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: மூன்று மீட்டர் அளவு நாடா, பென்சில் இரண்டு (மழையில் பேனா மை கரையும்), கோடு போடாத நோட்டு ஒன்று, அந்த வட்டாரத்தின் பெரிய அச்சு வரைபடம், கொசு மருந்து, முழங்கால் மறைக்கும் உடுப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். போனுக்குச் சக்திவங்கி.

வரைபடத்தைத் தாளில்தான் கொண்டுபோக வேண்டும். போன் திரையை நீட்டினால் பெரியவர்கள் கண்ணாடி தேடுவார்கள், பிறகு பேரனைக் கூப்பிடுவார்கள், பேச்சு அவனிடம் போய்விடும். தாளை மேசையில் விரித்தால் அவர்களே விரல் வைப்பார்கள்.

கைப்பொருளாகப் பழமோ, ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டின்னோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்த முறுக்கு நமக்குப் பெருமைதான். ஆனாலும் மலாய் வீட்டில் அதைத் தொடலாமா என்று அவர்களை யோசிக்க வைக்க வேண்டியதில்லை.

4. முதலில் தனியாகப் பாருங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் இடத்தைச் சுற்றுங்கள். பலகைகளைப் படிக்காமல் பாருங்கள். பலகையைப் படித்துவிட்டால் கண் அதையே தேடும். கேள்வியும் அதிலிருந்தே வரும்.

எதைப் பார்ப்பது? கருங்கல், செம்புறைக்கல், செங்கல், ஆற்றுக் கூழாங்கல் என்று எந்தக் கல் எங்கே வைத்திருக்கிறது என்று குறியுங்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியில் தூண் நின்ற அடிக்கற்கள் வரிசையாக இருக்கும். நடுவில் குழி வெட்டிய கற்கள் அவை. தூண் மரம், கூரையும் மரம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அந்தக் குழி ஒன்றின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஊரில் வீடு கட்டிய தச்சர் ஒருவரிடம் "இவ்வளவு அகலக் குழியில் என்ன மரம் நிறுத்துவீர்கள், எவ்வளவு உயரம் தாங்கும்?" என்று கேட்கலாம். கம்பத்து மர வீடுகளும் அடிக்கல்லின் மேல் தூண் நிறுத்திக் கட்டியவைதான். தச்சர் சொல்கிற பதில் எந்தப் பலகையிலும் இருக்காது.

செங்கல்லைப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளக்கவும். இப்போதைய மலேசியச் செங்கல் 215 மில்லிமீட்டர் நீளம், 65 மில்லிமீட்டர் தடிப்பு, ஓரம் கூர்மை. பழங்கல் இந்த அளவில் அடங்காது. ஒரே சுவரிலேயே கல்லுக்குக் கல் மாறும். உடைந்த முகத்தில் நடுவே கறுப்புப் பட்டை தெரிந்தால், சூளையில் உட்புறம் முழுக்க வேகவில்லை என்று பொருள். மண்ணில் கலந்திருந்த உமியும் வைக்கோலும் காற்றுப் போதாமல் கரியாகத் தங்கிவிடும். நெல் விளையும் ஊரில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருப்பார்கள். எதையும் கையில் எடுக்காதீர்கள், புரட்டாதீர்கள். குனிந்து பார்த்தால் போதும்.

மறு அடுக்கலில் புதுக்கல் சேர்ந்திருக்கும் இடங்களை எல்லாக் கண்ணும் கண்டுபிடித்துவிடாது. சுற்றி முடித்ததும் காவலரைக் கேளுங்கள்: "எது பழசு, எது புதுசு?" பேச்சைத் தொடங்கவும் இது நல்ல கேள்வி. அவருக்கு நிச்சயம் பதில் தெரியும். தெரிந்ததைச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது.

சூடம் கொளுத்துவது, பால் ஊற்றுவது, குங்குமம் இடுவது, எதுவும் வேண்டாம். கல் கறுக்கும் என்பது ஒரு காரணம். அதைப் பார்த்த காவலரும் ஊர்க்காரரும் அடுத்து வருகிற தமிழர்களிடம் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று.

5. யாரிடம் கேட்பது

வயதைப் பார்த்து ஆளைத் தேடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தினது எந்த ஊரிலும் யாருடைய நினைவிலும் இல்லை. ஆனால் இந்த மண் தோண்டப்பட்ட கதை இன்றைக்கும் உயிருள்ள நினைவு.

ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி இங்கே தோண்டியது 1936, 37-இல். அதை நேரில் பார்த்தவர்கள் இல்லை; அப்பாவும் தாத்தாவும் கூலிக்குப் போனதாகக் கேட்டவர்கள் இருக்கலாம். புக்கிட் பத்து பகாட் சண்டியை அலஸ்டர் லாம்ப் என்ற ஆய்வாளர் மறுபடி தோண்டி அடுக்கியது 1959, 60-இல். அப்போது பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். கல்லை எப்படித் தூக்கினார்கள், எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்தான். மற்றச் சண்டிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்ததை 1970-களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் வயதுக்கு வந்தவர்களிடம் கேட்கலாம். சுங்கை பத்து தோண்டுதல் இந்த நூற்றாண்டில் நடந்தது, நடுவயதுக்காரர்களிடமே கேட்கலாம்.

அடுத்து, தொழிலைப் பாருங்கள். கிணறு தோண்டியவர், வயலில் டிராக்டர் ஓட்டுபவர், ஆற்றில் மீன் பிடிப்பவர், பழைய வீட்டை இடித்துக் கட்டிய தச்சர், தோட்டத்தில் மறுநடவுக்குக் காண் (வடிகால்) வெட்டியவர். மண்ணைக் கிளறியவருக்குத்தான் மண்ணுக்குள் இருப்பது தெரியும். பள்ளி ஆசிரியர்கள் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பெரும்பாலும் படித்ததைத்தான் சொல்வார்கள்.

நம் ஆட்களை மறந்துவிடுகிறோம். பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு லயத்து மக்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை மாலை கோயிலிலோ, காலைச் சந்தையிலோ பெரியவர்களைப் பார்க்கலாம். "ஐயா, தோட்டத்துல காண் வெட்டும்போது பழைய செங்கல்லு, கல்லு ஏதாச்சும் வந்துச்சா? எந்தப் பகுதியில?" என்று கேளுங்கள். நம்பர் சொல்லித் தோட்டப் பகுதியைக் காட்டக்கூடியவர்கள் அவர்கள்.

6. நுழைவது

கம்பத்துக்குள் போனதும் முதலில் கோப்பிக்கடை. ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) சொல்லி உட்காருங்கள். பத்து நிமிடத்தில் யாராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்ட பிறகு சொல்லுங்கள்: "சாயா டாரி பினாங், பாக் சிக். நாக் பெலாஜார் பாசால் பாத்தா லாமா." பினாங்கிலிருந்து வருகிறேன் பாக் சிக் (பெரியவரை அழைக்கும் மலாய்ச் சொல்), பழைய செங்கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன். அவ்வளவு போதும். ஆராய்ச்சி, பதிவு, ஆவணம் என்ற சொற்களை எடுக்க வேண்டாம்.

காரணம் இருக்கிறது. 2013-இல் சுங்கை பத்துவில் தனியார் நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டு நாடெங்கும் சத்தம் எழுந்தது. அதற்குப் பிறகு, நம் நிலத்தில் செங்கல் இருப்பது தெரிந்தால் நிலம் போய்விடுமோ என்ற பயம் நிலக்காரர்களுக்கு இருந்தால் அதில் தவறில்லை. நோட்டும் நாடாவுமாக வரும் அந்நியர் அந்தப் பயத்தைத்தான் கிளப்புவார்.

ஒருவர் வீட்டு நிலத்தையோ தோப்பையோ பார்க்க வேண்டுமானால் முதலில் கம்பத் தலைவரிடம், அதாவது கெத்துவா கம்போங்கிடம், சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் கதவு திறக்கும். சொல்லாமல் போனால் நாளைக்கு அவர் காதுக்கு எட்டும், அடுத்த முறை திறக்காது.

முஸ்லிம் பெண்களிடம் ஆண்கள் கைகுலுக்க நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

7. கேள்வி கேட்பது

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

தமிழர்கள் கெடாவின் பழைய பெயரான கடாரத்தை மனதில் சுமந்துகொண்டு வருகிறார்கள். 1025 வாக்கில் இராசேந்திர சோழனின் படை கடாரம் வந்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அதை மெர்போக்கில் பாக் சிக் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டிய அவசியமில்லை. அவரால் முடியவும் முடியாது. "இது சோழர் கட்டினதுதானே?" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்பார். அது விருந்தாளிக்குத் தருகிற மரியாதை. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை எழுதிக்கொண்டு வந்தால் நீங்கள் கொண்டுபோனதையே திருப்பிக் கொண்டுவந்தீர்கள்.

விதி ஒன்றுதான்: அரசரைப் பற்றிக் கேட்காதீர்கள், பேசுகிறவரின் கை தொட்டதைக் கேளுங்கள்.

ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"பாக் சிக், இந்தப் பக்கம் தெலாகா (கிணறு) தோண்டினா எத்தனை அடியில தண்ணி வரும்?"

"வயல் பக்கம் சீக்கிரம் வரும். மேட்டுல வராது."

"தோண்டும்போது நடுவுல என்ன என்ன மண்ணு?"

"மேல கறுப்பு, அப்புறம் மணல். நம்ம வீட்டுக் கிணத்துல மணலுக்கு மேல பாத்தா (செங்கல்) வந்துச்சு."

"முழுக் கல்லா, துண்டா?"

"துண்டு. இவ்வளவு தடிப்பு." விரலால் காட்டுவார்.

இந்த ஆறு வரியில் தண்ணீர் எங்கே சீக்கிரம் வரும், மண் அடுக்கு, செங்கல் எந்த அடுக்கில், முழுசா துண்டா, தடிப்பு என்று ஐந்து தகவல் வந்துவிட்டது. எதையும் நீங்கள் ஊட்டவில்லை. "பழைய கோயில் செங்கல் கிடைத்ததா?" என்று தொடங்கியிருந்தால் ஆமாம் அல்லது இல்லை என்பதோடு முடிந்திருக்கும்.

ஆற்றோரத்தில் கேட்க: முன்பு ஆறு எந்தப் பக்கம் போனது? ("டுலு சுங்கை லாலு மானா?") பெரிய படகு எதுவரை ஏறும்? எந்த மாதத்தில் உப்பு நீர் உள்ளே வரும்? எங்கே வலை கல்லில் மாட்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். சேற்று ஆற்றில் கல் இருந்தால் அது எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்கலாம்.

சுங்கை பத்து பக்கம் கேட்க: தாஹி பெசி, அதாவது இரும்புக் கசடு, எங்கே கிடக்கும்? கறுப்பாக, குமிழ் குமிழாக, அளவுக்கு மீறிய கனத்தில் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் காலில் குத்தி அறிந்திருப்பார்கள். மண்ணால் செய்த குழாய்த் துண்டுகளையும் கேளுங்கள். உலைக்குள் காற்று ஊதிய குழாய்கள் இங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

காலத்தைக் கேட்கும்போது ஆண்டு கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சிக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள். ஜப்பான்காரன் காலம், மெர்டேக்கா (சுதந்திரம்), நெடுஞ்சாலை போட்டது. கடலோரக்காரர்களுக்கு 2004 சுனாமி நல்ல அடையாளம். கோத்தா குவாலா மூடாவை அடித்த அலையை அந்த வட்டாரத்தில் மறந்தவர் இல்லை.

திசையும் அப்படித்தான். வடக்கு, தெற்கு வேண்டாம். "ஜெராய் மலைப் பக்கமா, கடல் பக்கமா?" எங்கே நின்றாலும் மலை தெரியும், குழப்பம் வராது.

பேச்சில் தங்கம் வந்தால் மெதுவாக வேறு பக்கம் திருப்புங்கள். புதையல் தேடி வந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. "ஏன் இதையெல்லாம் இப்படி விட்டுவிட்டீர்கள்?" என்ற கேள்வியும் வேண்டாம். அது கேள்வி அல்ல, குற்றச்சாட்டு. அதைக் கேட்க வேண்டிய இடம் பாக் சிக்கின் திண்ணையும் அல்ல.

கடைசிக் கேள்வியாக எப்போதும் இதைக் கேளுங்கள்: "இதைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?" அடுத்த ஆள் கிடைப்பார், அறிமுகத்தோடு.

8. கூட நடப்பது

உட்கார்ந்து கேட்டது பாதிதான். "காட்ட முடியுமா?" என்று கேட்டுக் கூட நடங்கள். இடத்துக்குப் போனதும் நினைவு வேறு மாதிரி வேலை செய்யும். திண்ணையில் வராத விவரம் வரப்பில் வரும். அவர் முன்னால் போகட்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நில்லுங்கள், எதைச் சுற்றிப் போகிறாரோ அதைச் சுற்றிப் போங்கள். கரமாட் (புனித இடம்) என்று ஒதுக்கும் இடமாக இருக்கலாம், பாம்புப் புற்றாகவும் இருக்கலாம்.

படகில் போவதானால் படகுக்காரரே நேரம் சொல்லட்டும். ஓதம் இறங்கிவிட்டால் கண்டல் காட்டுக்குள் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். கூலியை ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள்.

9. பதிவும் குறிப்பும்

ஒலிப்பதிவுக்கு முன் கேளுங்கள். சம்மதம் சொன்னதும் அந்தச் சம்மதத்தையே முதலில் பதிவு செய்யுங்கள். கோப்பிக்கடை மின்விசிறிக்கு அடியில் எடுத்தால் இரைச்சல்தான் கேட்கும். போனை மடித்த கைக்குட்டை மேல், அவருக்கு அருகே வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, வண்டியில் ஏறியதும் எழுதுங்கள். இரவுக்குத் தள்ளிப்போட்டால் அவர் சொன்ன சொல் போய் உங்கள் சொல் வந்துவிடும்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கண்டது, கேட்டது, படித்தது. பாக் சிக் சொன்ன ஒவ்வொன்றையும் இதில் ஒன்றில் போட வேண்டும். அவரே பார்த்ததா ("தெங்கோக் செண்டிரி கா?"), அப்பா சொன்னதா, அருங்காட்சியகப் பலகையிலிருந்தா, பல்கலைக்கழக மாணவர் சொன்னதா? மூன்றாவது பத்தி ஒவ்வொரு பயணத்துக்கும் நீளுவதைப் பார்ப்பீர்கள். வருகிறவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போவதை ஊர் திருப்பிச் சொல்கிறது. அதைப் பிரித்து வைக்காவிட்டால், வந்த கதை போன கதை எல்லாம் ஊர் மரபாகிவிடும்.

சொன்னவர் பெயரையும் வீட்டையும் உங்கள் நோட்டில் மட்டும் வையுங்கள்.

10. சரிபார்த்தல்

இப்போது பலகைகளைப் படியுங்கள். அருங்காட்சியகத்துக்குள் இப்போதுதான் போக வேண்டும், காலையில் அல்ல. ஊரில் கேட்ட செங்கல் தடிப்பை அங்கே உள்ள செங்கல்லோடு ஒப்பிடலாம். ஒன்றுக்கொன்று தெரியாத இருவர் தனித்தனியாகச் சொன்னால் மட்டும் ஒரு தகவலுக்குப் பக்கத்தில் குறி போடுங்கள். ஒரே கோப்பிக்கடையில் உட்காரும் இருவர் ஒருவராகத்தான் கணக்கு.

முரண் வந்தால் அழிக்க வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாமவரிடம் போங்கள்.

11. பொருள் கண்ணில் பட்டால்

பானை ஓடோ, மணியோ, செதுக்கிய கல்லோ தென்பட்டால் எடுக்காதீர்கள். அது கிடந்த இடம்தான் அதன் பாதி அறிவு. நகர்த்தினால் மறுபடி பொருத்த முடியாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிக் கண்டெடுப்பதை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியப் படம் எடுத்து, நிலக்காரரிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் நிலக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார்.

அன்போடு யாராவது ஒரு பழங்கல்லைக் கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். "இங்கேயே இருக்கட்டும் பாக் சிக், அடுத்த தடவை வந்து பார்க்கிறேன்" என்றால் மனம் நோகாது.

பலகை வைக்காத இடங்களின் படத்தை இருப்பிடத்தோடு முகநூலிலோ கூகுள் வரைபடத்திலோ போடாதீர்கள். மண்வெட்டியோடு வருகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

12. கிளம்பும்போதும் பிறகும்

பேசியதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். அடுத்தவர் வரும்போது கதைக்கு விலை வந்துவிடும். விலைக்கு ஏற்றாற்போல் கதையும் நீளும். நேரம் ஒதுக்கி வழிகாட்டியவருக்கும் படகுக்காரருக்கும் கூலி கொடுப்பது வேறு. அது அவர்கள் உழைப்பு.

எடுத்த படத்தைக் கழுவித் தாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் போனில் தங்கிவிடும். குறிப்பில் எழுதியதை ஒரு பக்கத்துக்குள் எளிய மலாயில் எழுதி, அடுத்த பயணத்தில் அவருக்கே படித்துக் காட்டுங்கள். "அப்படிச் சொல்லவில்லை, அந்தக் கிணறு என் அண்ணன் வீட்டில்" என்று திருத்துவார். அப்போது வரைபடத்தை மறுபடி விரித்து, பழைய குறியை அடித்துவிட்டுப் புதிய இடத்தில் தேதியோடு குறி போடுங்கள்.